பட்டறை நோட்டு

கட்டுரை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது நான் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். எங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்தவும் வழியில்லை, நிற்கவும் வழியில்லை. மின்னஞ்சலில் இரண்டே வரி. உங்கள் கட்டுரை எங்கள் இதழின் வடிவ விதிகளுக்கு ஏற்ப இல்லை, சரிசெய்து மீண்டும் அனுப்பவும். எது இல்லை, எந்தப் பக்கத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. விதிகளை அச்செடுத்தால் பதினேழு பக்கம். நான் ஏற்கெனவே அச்செடுத்து, பச்சை மையில் கோடு போட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் அலைந்தேன்.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. வீடு அரியலூரில். பிஎச்.டி.க்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தேன். அந்தப் பதிவின் காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அதுவும் முடிந்து, கடைசியாக ஒரே ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஒரு நல்ல இதழில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட வேண்டும். இல்லையென்றால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. பதிவு ரத்தாகும். அத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும். அந்தக் கடைசி வருடத்தில் ஐந்து மாதத்தை வடிவ விதிகளே தின்றுவிட்டன.

என் ஆய்வு சின்ன வெங்காயத்தைப் பற்றியது. எங்கள் பக்கம் வெங்காயத்தை அறுவடை செய்து, இலைத்தாளோடு காயவைத்து, விதைக்கென்று பட்டறையில் அடுக்கிவைப்பார்கள். கல்லின் மேல் கழி பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே ஓலை போட்டால் அதுதான் பட்டறை. காற்று கீழே நுழைந்து மேலே போக வேண்டும். போகாத இடத்தில் அழுகும். வாரா வாரம் எவ்வளவு எடை குறைகிறது, எவ்வளவு அழுகுகிறது, எவ்வளவு முளைக்கிறது என்று கணக்கிடுவதுதான் என் வேலை. என் வேலை என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். அந்த வேலையைச் செய்தது வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓர் அக்கா.

அக்கா என்பது நான் கூப்பிட்ட முறை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். ஒன்பதாவது வரை படித்தவர். மானாவாரி நிலம், மேற்கே மலை, வீட்டை ஒட்டிப் பட்டறை. முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய், பட்டறைக்குள் நான் வைத்திருந்த பன்னிரண்டு வலைப்பைகளை எடுத்து எடை போட்டேன். நான்காவது வாரம் அக்கா என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

"எதுக்கு டீச்சர் வெயில்ல வந்து அல்லாடுறீங்க? தராச குடுத்துட்டுப் போங்க. நான் போட்டு எழுதி வக்கிறேன்."

கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பருவம், ஒரு வாரம் தவறாமல் அக்கா எடை போட்டார். ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கி, அட்டையில் இனிஷியலோடு தன் பெயரை எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, அதற்குக் கீழே 'பட்டறை எடை நோட்டு' என்று எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் நல்ல எழுத்துக்குப் பெயர் வாங்கியவராக இருக்க வேண்டும். எண்கள் எல்லாம் வரிசை பிசகாமல் நின்றன. நான் கேட்காத ஒன்றையும் செய்திருந்தார். பக்க ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். 'நேத்து மழை. தட்டி நனைஞ்சுது.' 'மாமியாருக்கு ஆஸ்பத்திரி. சாயந்திரம்தான் எடை போட்டேன்.' ஒரு பக்கத்தில் 'தெக்குப் பக்கம் அழுகல் ஜாஸ்தி, காத்து வரல.'

அந்தக் கடைசிக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டு பைகளில் நான்கு மட்டும் ஏன் தாறுமாறாக அழுகுகின்றன என்று புரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தவள் நான். வீட்டுச் சுவர் தெற்கே காற்றை மறைக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அடுத்த பருவம் பட்டறையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, அழுகல் குறைந்ததையும் அக்காவே எழுதிவைத்தார். என் ஆய்வின் முடிவு என்று சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் அது அந்த ஆறு வார்த்தைதான்.

நோட்டை என்னிடம் கொடுத்த அன்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு ஒத்தாச டீச்சர். புஸ்தகத்துல வர்றப்ப ஒரு ஓரத்துல எம்பேர போட்டுருங்க. அழுவுன வெங்காயத்த எண்ணி எழுதுற பொம்பளன்னு வூட்டுல சிரிக்கிறாங்க. கொண்டு போயிக் காட்டணும்."

"ஓரத்துல எதுக்குக்கா? நல்லாவே போடுவோம்," என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

என் கைடு அரியலூரில் வேறொரு கல்லூரியில் இருந்தார். கெட்டவர் இல்லை. புத்தகம் கேட்டால் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமைகூட வரச் சொல்லித் திருத்தித் தருவார், டீ வாங்கித் தராமல் அனுப்ப மாட்டார். கட்டுரையின் முதல் பக்கத்தில் யார் யார் பெயர் என்று அவர்தான் சொன்னார். முதலில் நான், கடைசியில் அவர். நடுவில் மூன்று பெயர். மூன்று பேரையும் நான் பார்த்ததில்லை. மூன்று பேரும் பட்டறையைப் பார்த்ததில்லை.

"நாம அவங்க பேர போடுறோம். அவங்க நம்ம பேர போடுவாங்க. எல்லாரும் பண்றதுதானம்மா."

அக்காவின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். வாதாடும் குரலில் கேட்கவில்லை, லீவு கேட்கிற குரலில் கேட்டேன்.

"அவங்களுக்கு எந்த நிறுவனம்னு போடுவீங்க? வெங்காயக் காடுன்னா?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது. "நன்றியுரையில போட்டுக்கலாம்மா," என்றார். சரி, அதுவும் கட்டுரைதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது முறை திரும்பி வந்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அட்டவணைகளில் நான் நெடுக்குக் கோடு போட்டிருந்தேன். அந்த இதழுக்குக் கிடைக்கோடு மட்டும்தான் ஆகும். படத்துக்கான விளக்கம் கீழே வர வேண்டும், அட்டவணைக்கான விளக்கம் மேலே வர வேண்டும். மேற்கோள் பட்டியலில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் வர வேண்டும், இதழின் பெயர் சாய்ந்து நிற்க வேண்டும். நான்கு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட வேண்டும், அதில் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை எழுத்தின் அளவை மாற்றும்போதும் இந்த ஓரம் குலையும். நான்கு முறை அதை அளந்து சரிசெய்தேன். கல்லூரி நூலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்து, காற்புள்ளி வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பேன். வெங்காயம் மறந்தே போயிருந்தது.

கட்டுரையை எப்படிப் பிரிப்பது என்பதற்கும் விதி இருந்தது. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம். முடிவுகளில் எண் மட்டும்தான் வரலாம், காரணம் வரக் கூடாது. விவாதத்தில் காரணம் வரலாம், புதிய செய்தி வரக் கூடாது. முறை என்ற பகுதியில் நாம் திட்டமிட்டுச் செய்ததுதான் வர வேண்டும், தற்செயலாகக் கண்டது வரக் கூடாது. அக்காவின் தெற்குப் பக்கக் குறிப்பை ஓர் உழவர் கவனித்துச் சொன்னது என்றே எழுதிவைத்திருந்தேன். அந்த வரியை முறையில் வைத்தேன், கைடு எடுத்தார். முடிவுகளில் வைத்தேன், எடுத்தார். விவாதத்தில் வைத்ததும், "யார் சொன்னதுன்னு வேணாம்மா. காற்றோட்டக் குறைவால் அழுகல் அதிகரித்ததுன்னு நாமளே கண்டுபிடிச்ச மாதிரி எழுதுங்க, அப்பத்தான் நிக்கும்," என்றார். எழுதினேன். நின்றது.

அடுத்து, எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது என்ற விதி. அதனால் நன்றியுரையைக் கட்டுரையிலிருந்து எடுத்துத் தனி ஃபைலில் போட வேண்டும். போட்டேன். அந்த ஃபைலில் அக்காவின் பெயரும் ஊரும் இருந்தன. எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று அவ்வப்போது மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

கட்டுரையை நான்காவது முறை அனுப்ப உட்கார்ந்தபோது, இணையப் படிவத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த வேலையைக் குறிக்க வேண்டும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. எனக்கும் கைடுக்கும் குறிப்பது சுலபம். நடுவில் இருந்த மூன்று பேருக்கு என்ன குறிப்பது? அவர்கள் செய்த ஒரே வேலை, பெயரை வைத்திருந்ததுதான். அதற்குக் கட்டம் இல்லை. கைடுக்குப் போன் செய்தேன். "ஒருத்தருக்குப் புள்ளிவிவரம், ஒருத்தருக்கு மேற்பார்வை, இன்னொருத்தருக்குக் களப்பதிவு. முடிச்சிவிடுங்கம்மா, நாள் போயிட்டே இருக்கு," என்றார்.

களப்பதிவு என்பது அக்கா செய்தது. மழையில் தட்டி நனைந்த அன்றும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும் செய்தது. அதற்கு எதிரே, சேலம் பக்கம் எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒரு மனிதருக்கு டிக் அடித்தேன். யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. நானேதான் அழுத்தினேன். அடுத்த பக்கம் உடனே திறந்தது.

மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டாளரிடமிருந்து கேள்விகள் வந்தன. அசல் பதிவேட்டை ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும், அதில் யாருடைய அடையாளமும் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. நோட்டை எடுத்துக்கொண்டு கைடின் கல்லூரிக்குப் போனேன். கைடு புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கே," என்றார். "ஸ்கேன்ல ஓரத்துல இருக்கிற கதையெல்லாம் வெட்டிடுங்க. வேண்டாத கேள்வி வரும். அட்டைக்கு ஒரு வெள்ள ஸ்டிக்கர் ஒட்டிடுங்கம்மா."

சாம்பிள் பாட்டில்களுக்கு ஒட்டும் பெரிய ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, அக்காவின் பெயர் மேல் ஒட்டி, அதில் ஓர் எண் எழுதினேன். நகத்தால் நான்கு மூலையையும் தேய்த்து அழுத்தினேன். ஸ்கேன் முடிந்ததும் அசல் பதிவு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்று சொல்லி, கைடு நோட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்தார்.

ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்தபோது என் நீட்டிப்பு முடிய பத்தொன்பது நாள் இருந்தது. கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கடிதத்தின் கடைசியில் இன்னொரு விதி இருந்தது. நன்றியுரையில் பெயர் குறிப்பிடப்படும் ஒவ்வொருவரிடமும், கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்து வாங்கி, இரண்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை என்ன தூரம்? கல்லூரி விட்டதும் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். செய்முறைத் தேர்வு நடக்கிறது, அலையவே நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்றால் கட்டுரையை அவர் முன்னால் வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஐந்து பெயர் இருக்கும். இந்த மூன்று பேரு யாரு டீச்சர் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் பயந்தேன். இரண்டாவது நாள் மதியம் அக்காவின் பெயரை அழித்தேன். அந்த இடத்தில் 'வேப்பந்தட்டை வட்டார விவசாயிகள்' என்று எழுதினேன். வட்டாரத்திடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

இதழில் வெளிவர நாளாகும் என்றார்கள். ஏற்கப்பட்ட பிரதியை அச்செடுத்து, கண்ணாடிக் கவரில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவரே இரண்டு முறை போன் செய்துவிட்டார். கவரைப் பிரித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவருக்கு. முதல் பக்கத்தில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போனார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, மறுபடி முதலுக்குப் போனார்.

"எங்க டீச்சர்?"

நன்றியுரையைக் காட்டினேன். இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றி என்று போட்டிருக்கிறது என்றேன். பெயர் போட விதி இடம் கொடுக்கவில்லை என்றேன். அதுவும் பொய். விதி கையெழுத்துதான் கேட்டது.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தித் திரும்பக் கவருக்குள் வைத்தார்.

"சரி டீச்சர். அப்ப அந்த நோட்ட குடுத்துருங்க. அதுல எம்பேரு நானே எழுதிருக்கேன். அதக் காட்டிக்கிறேன்."

"கொண்டாரேன்க்கா," என்றேன்.

கொண்டுபோகவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று, வாய்மொழித் தேர்வு பாக்கி. இந்த நேரத்தில் நோட்டைக் கேட்டால் கைடு என்ன நினைப்பாரோ, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, கோபித்துக்கொண்டால் தேர்வுத் தேதி தள்ளிப்போகுமோ. இப்படியே ஏழு மாதம். ஒவ்வொரு முறை அவர் அறைக்குப் போகும்போதும் அந்த அலமாரிக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காருவேன். டீ வரும், குடிப்பேன், கிளம்புவேன். அக்காவின் எண் போனில் வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அதுவும் வருவது நின்றுவிட்டது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோரும் கைதட்டி, டாக்டர் என்று கூப்பிட்டு, இனிப்பு கொடுத்த மறுவாரம் கைடிடம் நோட்டைக் கேட்டேன்.

"இதுவா?" என்று அலமாரிக் கதவை இழுத்தார். பூட்டே இல்லை. "எடுத்துட்டுப் போங்கம்மா. எடத்த அடச்சிக்கிட்டுக் கெடக்கு. முன்னாடியே எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

அடுத்த ஞாயிறு போனேன். அக்கா களத்தில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர்," என்றார். குரலில் எதுவும் இல்லை. நோட்டைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஸ்டிக்கர்க்கா. பேரு தெரியக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

அக்கா ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாக உரித்தார். நான் நன்றாக அழுத்தித் தேய்த்து ஒட்டியிருந்தேன். ஸ்டிக்கரோடு அட்டையின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. பெயரில் இனிஷியலும் அடிக்கோட்டின் ஒரு முனையும் மிஞ்சின. எனக்கு அந்த இடத்தை விட்டே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. "மன்னிச்சிருங்கக்கா," என்றேன். அவர் நோட்டைப் புரட்டி, தெற்குப் பக்கக் குறிப்பு இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"இது மட்டும் அதுல இருக்கா டீச்சர்?"

"இருக்குக்கா. அதுதான் முடிவே."

"யாரு கண்டுபிடிச்சதுன்னு போட்டிருக்கு?"

"நாங்க கண்டுபிடிச்சதா போட்டிருக்குக்கா," என்றேன். பெயர் விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அக்கா வீட்டுக்குள் போனார். நான் கொடுத்த அதே கண்ணாடிக் கவரோடு வந்தார். கவர் கசங்காமல் இருந்தது. தாள்களை வெளியே எடுத்து, என் மடியில் வைத்தார்.

"எந்த எடத்துல இருக்கு? காட்டுங்க."

பதினோராம் பக்கம். மூன்றாவது பத்தி. காற்றோட்டம், சுவர், தென்புறம். விரல் வைத்துக் காட்டினேன்.

"பேனா இருக்கா?"

கொடுத்தேன். தாளை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து, அந்தப் பத்திக்குப் பக்கத்தில், வெற்றிடத்தில், இனிஷியலோடு தன் பெயரை எழுதினார். அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். நான் நான்கு முறை அளந்து விட்ட ஓரம் அது. அவர் பெயர் அதில் சரியாக அடங்கியது.